செல்லப்பாவின் படமும் நமது நகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அழுகையும் அச்சமும் பெருமிதமும் அதன் பின்னரே நிற்கின்றன. தமிழ் பயிலும் மாணாக்கராகிய நாம் இம்முறைவைப்பைத் தேர்வின்பொருட்டு மனத்திற் பதிக்கின்றோம், விடைத்தாளில் எழுதுகின்றோம், பின்னர் மறக்கின்றோம். நகை எதனாற் பிறக்கின்றது, யார்மேற் பிறக்கின்றது, பிறந்தபின் அவரை என் செய்கின்றது என்னும் வினாக்களை வகுப்பறைக்கு வெளியே கொண்டு செல்வோர் மிகச் சிலர். அவ்வினாக்களை ஒரு வேடிக்கையான இடத்தில் வைத்து ஆராய ஈண்டு விழைகின்றோம். அவ்விடம் யாதெனின், ஒரு நகைச்சுவைப் படத்தினுள்ளே பேசப்படும் மற்றொரு படம். அஃதாவது, கற்பனைக்குள் வரும் கற்பனைப் படம்.

கதை ஒன்றனுள் இல்லாத படம் ஒன்றைப் புனைந்து வைத்தல் உலகெங்கும் காணப்படும் உத்தியாகும். அமெரிக்க நாட்டில் 1989 முதல் தனித்தொடராக ஒளிபரப்பாகும் 'சிம்ப்சன்ஸ்' என்னும் சித்திரத் தொடரில், 'மக்பெயின்' என்னும் அடிதடி வீரனின் படங்கள் இடையிடையே காட்டப்பெறும். அவை எக்கொட்டகையிலும் ஓடியவை அல்ல. தொடரின் மாந்தர் மட்டுமே கண்டு களிப்பவை. சப்பானில் 1992இல் தொலைக்காட்சிக்கு வந்த 'சின்-சான்' என்னும் சித்திரத் தொடரைத் தமிழ்க் குரலில் நம் சேலத்து வீடுகளிற் கண்ட சிறுவர் பலர். அத்தொடரின் ஐந்து வயதுச் சிறுவன், 'ஆக்‌ஷன் காமென்' என்னும் வீரனின் காட்சிகளைத் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் வாய்பிளந்து காண்பான். திரையைப் பார்க்கும் நம் சிறுவன், திரையைப் பார்க்கும் மற்றொரு சிறுவனைப் பார்த்துச் சிரிக்கின்றான். இதன்கண் ஓர் உண்மை புலனாகின்றது. படத்துக்குள் படம் வருமிடத்து, காட்டப்படும் பொருள் அந்த உட்படம் அன்று. அதனைக் காண்பவனே காட்டப்படும் பொருள். இவ்வுண்மையை இச்சித்திரத் தொடர்கள் தொலைக்காட்சிக்கு வருதற்கு நெடுநாள் முன்னரே தமிழ்ப் படம் ஒன்று செவ்விதின் உணர்த்திற்று.

அது 1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'. இயக்கியவர் ஸ்ரீதர், அவரோடு நகைச்சுவை எழுத்திற் பங்கு கொண்டவர் சித்ராலயா கோபு. விசுவநாதன் என்னும் எஸ்டேட் முதலாளியாக டி. எஸ். பாலையா நடித்தார், அவர் மகன் செல்லப்பாவாக நாகேஷ் நடித்தார். பணத்தின்மேற் பெருவேட்கையுடைய அம்முதலாளியை ஏய்த்து, அவர் மகளிர் இருவரையும் மணக்க முயலும் இளைஞர் இருவரின் சூழ்ச்சியே பெருங்கதை. அதன் அருகே சிறு கிளையாக ஓடுவது செல்லப்பாவின் கதை. அவனுக்குப் படம் எடுக்க வேண்டும். நிறுவனத்துக்குப் பெயர் வைத்துவிட்டான்: 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்'. கதாநாயகியையும் தேடிக்கொண்டான். இல்லாதது ஒன்றே, அது முதல். முதலோ தந்தையின் பெட்டியில் உறங்குகின்றது. ஆதலின் தந்தைக்குத் தன் படத்தின் கதையைச் சொல்லத் தொடங்குகின்றான்.

அக்காட்சியைத் தமிழ்நாட்டில் அறியாதார் அரியர். செல்லப்பா சொல்வது அச்சம் விளைக்கும் கதை. அவனிடத்துக் காமெரா இல்லை, விளக்கு இல்லை, இசைக்குழு இல்லை. இருப்பன ஒரு வாயும் இரு கையுமே. அச்சமூட்டும் ஓசைகள் அனைத்தையும் அவ்வாயாலேயே எழுப்புகின்றான். தந்தை கேட்கின்றார். மகனை ஒரு பொருட்டாகவும் மதியாத அந்தக் கண்டிப்பான மனிதர் சிறிது சிறிதாகக் கதையினுள் இழுக்கப்படுகின்றார், முகம் வெளிறுகின்றது, கண் மிரள்கின்றது, உடல் ஒடுங்குகின்றது. பட்டப்பகலில், தம் சொந்த வீட்டில், தம் சொந்த மகனின் வாயோசைக்கு நடுங்குகின்றார். கொட்டகையில் அமர்ந்திருந்தோர் அந்நாளிற் சிரித்தனர். அறுபது ஆண்டுகள் கழிந்தும் கைப்பேசியிற் காண்போர் சிரிக்கின்றனர். இந்தியில் 1966இல் ஸ்ரீதரே இக்கதையை 'பியார் கியே ஜா' என்று எடுத்தபோது, மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அதே காட்சியை நடித்து வடநாட்டாரையும் சிரிக்கச் செய்தனர். மொழி மாறினும் நகை மாறவில்லை.

அங்ஙனமாயின் நாம் எதனை நோக்கிச் சிரிக்கின்றோம்? செல்லப்பாவின் கதையை நோக்கியா? அது பேய்க்கதைகளில் வரும் வழக்கமான அச்சங்களின் தொகுப்பே; தனியே எழுதிப் படித்தால் உதட்டோரத்திற் புன்னகையும் எழாது. நாகேஷின் வாயோசைகள் பெருந்திறம் வாய்ந்தன என்பது மெய். ஆயினும் கண்ணை மூடி ஓசையை மட்டும் கேட்பின் நகை பாதியாகக் குறையும். பாலையாவின் முகமே அக்காட்சியின் உயிர். கேட்பவன் நடுங்குவதைக் கண்டே நாம் சிரிக்கின்றோம். அக்கேட்பவன் யார்? பொய்யென்று அறிந்தும் மெய்போல் நம்பி, இருட்டிற் காசு கொடுத்து அமர்ந்து, பதறியும் அழுதும் மகிழ்ந்தும் வீடு திரும்பும் நாமே அவன். பாலையாவின் முகம் நமக்குக் காட்டப்பட்ட கண்ணாடி. அதில் நம்மைக் கண்டு நாமே சிரித்தோம். சிரித்தும் புண்படாது எழுந்து சென்றோம். இதுவே அக்காட்சியின் பெருமை என்பது எமது துணிபு.

மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நிலைக்களன்கள் நான்கும் இச்சிறு கிளைக்கதையில் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. அறியாமையால் ஏமாறும் முதலாளியிடத்துப் பேதைமை உண்டு. ஒருமுறை பற்றிக்கொண்டதை எவர் சொல்லினும் விடாத செல்லப்பாவின் பிடிவாதம், உரையாசிரியர் மடன் என்பதற்குச் சொல்லும் விளக்கத்துக்கு ஒத்தது. வளர்ந்தும் விளையாட்டை விடாத மகன் தந்தைமுன் ஆடும் ஆட்டத்தில் இளமை உண்டு. எஞ்சிய எள்ளலோ இங்கு வியத்தகு முறையில் வருகின்றது. பேராசிரியர் தம் உரையில் எள்ளலுக்கு இரு வழி காட்டுகின்றார்: பிறரை எள்ளி நாம் நகுதல் ஒன்று, பிறர் நம்மை எள்ளியவிடத்து நாமே நகுதல் மற்றொன்று. முதல் வழி யாவர்க்கும் எளிது. இரண்டாம் வழி அரிது. திரைப்படம் எடுப்போர் திரைப்பட ஆசையையே எள்ளுகின்றனர். திரைப்படம் காண்போர் திரைப்பட மயக்கத்தையே எள்ளக் கண்டு நகுகின்றனர். இவ்வாறு அரிய இரண்டாம் வழியை எளியோர்க்கும் திறந்துவிட்டது 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்'.

இம்முறை மேனாட்டிலிருந்து இரவல் வந்ததென்று சிலர் கருதலாம். நம் சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூர்த் திருவிழாக்களில் இரவு முழுதும் தெருக்கூத்துக் கண்டவர் அங்ஙனம் கருதார். கூத்தில் அரசன் உயர்ந்த நடையிற் பாடி நுழையுமுன்னர்க் கட்டியக்காரன் நுழைகின்றான். நீ யார், எந்நாட்டான், இங்கு வந்த காரணம் யாது என்று அரசனையே வினவுகின்றான். அரசன் பாடியதை ஊர்ப்பேச்சிற் பெயர்த்துச் சொல்லி, அதன் மிடுக்கைச் சற்றே தளர்த்துகின்றான். கதைக்குள் நிற்பவனும் அவனே. கதைக்கு வெளியே நின்று அதனைக் கிண்டல் செய்பவனும் அவனே. முன்வரிசையில் உறங்குவோனையும் அவன் விடான். கூத்தினைக் கூத்துக்குள்ளேயே எள்ளும் உரிமையைத் தமிழ் மரபு ஒருவனுக்குக் கொடுத்து வைத்திருந்தது. கட்டியக்காரன் எள்ளியதாற் கூத்தின் பெருமை குறைந்ததில்லை. விடியுமளவும் ஊரார் விழித்திருந்தமைக்கு அவனும் ஒரு காரணமாவான்.

பேசும்படம் தோன்றியபின் அக்கட்டியக்காரன் எங்குச் சென்றான்? தொடக்க நாட்களிற் புராணப் படங்களோடு தொடர்பற்ற குறும்படமாக நகைச்சுவைப் பகுதியைத் தனியே இணைத்துக் காட்டும் வழக்கம் இருந்தது. பின்னர் அது படத்தினுள்ளேயே தனிக்கிளையாயிற்று. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அக்கிளையைச் சிந்தனைக்கு உரியதாக்கினார். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தினுள் அவர் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபம், நந்தனார் சரித்திரத்தின் வடிவத்தைக் கடன்கொண்டு, கல்வியை நாடிச் செல்லும் தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவனின் கதையைச் சொல்லிற்று. அதுவும் படத்துக்குள் வைத்த ஒரு கலைநிகழ்ச்சியே. மக்கள் சிரித்தனர், எனினும் அச்சிறுவனை நோக்கிச் சிரித்தாரல்லர். அவனைப் படிக்க விடாத உலகை நோக்கியே சிரித்தனர். எள்ளலின் அம்பு எத்திசையில் விடப்படுகின்றது என்பதே நகைச்சுவையின் அறத்தை அளக்கும் கோலென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஸ்ரீதரும் 1959இல் 'கல்யாணப் பரிசு' படத்தில் இத்தகைய கற்பனை ஒன்றைப் படைத்திருந்தார். வேலையின்றித் திரியும் கணவன் ஒருவன், தான் 'மன்னார் அண்டு கம்பெனி'யில் வேலை பார்ப்பதாக மனைவியிடம் பொய் கூறுகின்றான். கே. ஏ. தங்கவேலு அவ்வேடத்தைப் புனைந்தார். அக்கம்பெனி படத்துக்குள்ளேயே இல்லாத கம்பெனி. ஆயினும் இல்லாத வேலையைப் பெருமையாகப் பேசுவோரைக் குறிக்க அப்பெயர் நாட்டு வழக்கில் நிலைத்துவிட்டது. 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்னும் பெயரும் அவ்வாறே நின்றது. உண்மையில் இயங்கிப் பெயர்ப்பலகையும் கணக்கேடும் வைத்திருந்த பட நிறுவனங்கள் பலவற்றை மக்கள் மறந்தனர். இல்லாத இரு நிறுவனங்களை மறக்கவில்லை. தம்முடைய வீண்பெருமையையும் தம்முடைய பேராசையையும் மக்கள் அவற்றில் அடையாளம் கண்டுகொண்டமையே அதற்குக் காரணம்.

இவ்விடத்து எம் மண்ணின் செய்தியொன்றைச் சொல்லாது அப்பாற் செல்ல மனம் ஒருப்படவில்லை. படம் எடுக்கும் ஆசை சேலத்தில் வெறுங்கனவாக மட்டும் இருந்ததன்று. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்து சென்று நெசவுத் தொழிற்கல்வி கற்று மீண்டவர். அவர் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1937இல் 'சதி அகல்யா' என்னும் படத்தை வெளியிட்டது. 1938இல் மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய 'பாலன்' அந்நிறுவனத்தாலேயே எடுக்கப்பெற்றது. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமெனப் போற்றப்படும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அங்கிருந்தே வந்தது. அந்நிறுவனம் எடுத்த படங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. சென்னைக்குச் செல்லாமலே, ஏற்காட்டு மலையடியில் இருந்துகொண்டே, கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் தம் ஊருக்கு வரச்செய்தவர் சுந்தரம். 1963இல் அவர் மறைந்தார். இன்று ஏற்காடு சாலையில் அந்நிலையத்தின் முகப்பு வளைவு மட்டும் நின்று பழம்பெருமை பேசுகின்றது.

அவ்வளைவைக் கடந்து கல்லூரிக்கு வரும் மாணவருள் எத்தனை செல்லப்பாக்கள் உளர்! கையிற் கைப்பேசி உண்டு. அதிற் காமெரா உண்டு. நிறுவனத்துக்குப் பெயரும் உண்டு. இராசிபுரத்துத் தறிக்கூடத்திலும், நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையிலும், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலையிலும் உழைக்கும் தந்தையர், மகன் ஏதோ படம் எடுக்கின்றான் என்று அயலாரிடம் பாதிப் பெருமையும் பாதிக் கவலையுமாகச் சொல்கின்றனர். இவர்களை நோக்கி 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸா?' என்று வினவிச் சிரிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. இது பிழை. ஸ்ரீதரின் படம் செல்லப்பாவை எள்ளியது உண்மையே. எனினும் அவனை இழிவுபடுத்தவில்லை. தந்தையை நடுங்கச் செய்தவன் கதை சொல்லத் தெரியாதவன் ஆகான். பெட்டி நிறையப் பணம் வைத்திருந்த தந்தையை விட, பணமின்றி வாயால் ஒரு படத்தை ஓட்டிய மகனே அக்காட்சியில் உயர்ந்து நிற்கின்றான். கனவு காண்பவனை எள்ளலாம், கனவையே கொன்றுவிடலாகாது.

அதே 1964ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 'சர்வர் சுந்தரம்' இதற்கு மறுபுறத்தைக் காட்டிற்று. உணவு விடுதியிற் பரிமாறும் ஏழை இளைஞன் நகைச்சுவை நடிகனாகிப் புகழ் எய்துகின்றான். நடித்தவர் அதே நாகேஷ்; கதை கே. பாலசந்தருடையது, இயக்கியோர் கிருஷ்ணன், பஞ்சு என்னும் இரட்டையர். அப்படத்துள்ளும் படப்பிடிப்புகள் வருகின்றன. பாடல் ஒன்று ஒலிப்பதிவாகும் முறையைக் காட்ட, இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதனும் பாடகர் டி. எம். சௌந்தரராசனும் திரையில் நேரே தோன்றுகின்றனர். நாடே கண்டு சிரிக்கும் அந்நடிகனோ, தன் தாய் இறக்கும் வேளையில் அவள் அருகில் இருக்க இயலாது படப்பிடிப்பில் நிற்கின்றான். நகைக்கப்படுபவனுக்கும் ஒரு வீடு உண்டு, ஒரு தாய் உண்டு என்பதை அப்படம் உணர்த்தியது. செல்லப்பாவையும் சுந்தரத்தையும் ஒருசேர நினைப்பவர் நகைச்சுவையின் முகத்தையும் முதுகையும் கண்டவராவர்.

இனி எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகின்றோம். பிற்காலத் தமிழ்ப் படங்களின் நகைச்சுவைப் பகுதிகளை எண்ணிப் பாருங்கள். கருநிறம், பருத்த உடல், குட்டை உருவம், திக்கும் நா, வழுக்கைத் தலை, முதுமை, சிற்றூர்ப் பேச்சு முதலியவற்றை ஒருவன் இகழ, மற்றொருவன் அடியும் உதையும் வாங்க, நாம் சிரிக்க என்னும் முறையில் அமைந்தவை எத்துணை! அவை படத்தோடு ஒழிவதில்லை. துணுக்குகளாக நறுக்கப்பட்டுக் கைப்பேசிகளிற் புகுகின்றன. அங்கிருந்து விடுதி அறைகளுக்கும் வகுப்புகளுக்கும் பட்டப்பெயர்களாக வருகின்றன. மாணவர் மன்றக் கூட்டம் ஒன்றில், கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் தாம் எழுதிய செய்யுளைப் படிக்க எழுந்தார். முதல் அடியிலேயே அவர் நாத் தடைப்பட்டது. அவ்வளவில் பின்வரிசையிலிருந்து யாரோ கைப்பேசியில் ஒரு திரைப்பட நகைச்சுவைத் துணுக்கை உரக்க ஒலிக்கச் செய்தனர். மன்றம் சிரித்தது. அவர் தாளை மடித்துக்கொண்டு அமர்ந்தார். அதன்பின் அவர் மேடையேறக் கண்டிலோம். அச்செய்யுளின் இரண்டாம் அடி யாதென்பதை இன்றளவும் எவரும் அறியார்.

அங்கு எழுந்ததும் நகையே; பாலையாவைக் கண்டு எழுவதும் நகையே. ஓசையளவில் வேறுபாடில்லை. ஆனால் முன்னது ஒருவனைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தள்ளிற்று. பின்னது கூட்டம் முழுவதையும் ஒரே வரிசையில் அமர்த்திற்று. இவ்வேறுபாட்டைக் கல்வி கற்றோர் உணராவிடின் வேறு யார் உணர்வர்?

இது திரைப்படத்தின் குற்றம், அதனைத் தடுத்துவிட்டால் எல்லாம் சீர்ப்படும் என்று கூறும் பெரியோர் பலர். அவர்தம் கவலையை மதிக்கின்றோம், முடிபை ஏற்கின்றிலோம். இதனையே பொருளாகக் கொண்டு அமெரிக்காவில் எழுந்த சித்திரப்படம் ஒன்று உண்டு. 1997இல் தொலைக்காட்சியிற் தொடங்கிய 'சவுத் பார்க்' தொடரின் திரைப்படம் 1999இல் வெளிவந்தது. அது சிறுவர்க்கு உரியதன்று. அதன் மொழியும் நம் மேடைக்கு ஏலாது. ஆயினும் அதன் கதை சிந்திக்கத்தக்கது. டெரன்ஸ், பிலிப் என்னும் கனடா நாட்டு நகைச்சுவையாளர் இருவரின் கற்பனைப் படமொன்றைச் சிறுவர் சிலர் திருட்டுத்தனமாகக் கண்டு, அதன் வசைமொழிகளைப் பள்ளியில் வழங்குகின்றனர். சினமுற்ற தாய்மார், தம் மக்களோடு அமர்ந்து பேசுவதை விடுத்துக் கனடா நாட்டின்மேற் பழி சுமத்துகின்றனர். பழி வளர்ந்து போராக மூள்கின்றது. அங்கும் எள்ளப்படுவது உட்படம் அன்று. அதனைக் கண்டு அவ்வாறே நடந்த சிறுவரும், அதனைக் காரணமாக்கித் தம் கடமையைத் தட்டிக்கழித்த மூத்தோருமே எள்ளப்படுகின்றனர். மன்றத்தில் அத்துணுக்கை எழுதிய வசனகர்த்தா வந்து அமர்ந்திருக்கவில்லை. ஒலிக்கச் செய்த விரல் நம்முள் ஒருவருடையது. சிரித்த வாய்கள் நம்முடையவை. பழியைக் கோடம்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவுதல் தகாது. எனினும் எழுதுவோர்க்குப் பொறுப்பே இல்லை என்று யாம் சொல்லவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உடற்குறையையும் பழியாது நாட்டைச் சிரிக்கவைக்க முடிந்ததாயின், இன்று முடியாமற் போவானேன் என்று அவரை வினவும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமை நம் மன்றத்தை நாம் சீர்செய்த பின்னரே வலிமை பெறும்.

வேறு சிலர், 'சிரிப்பைச் சிரிப்பாக விடுங்கள். தராசில் இட்டால் அது மடிந்துவிடும்' என்பர். இவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஒவ்வொரு சொல்லையும் அஞ்சி அஞ்சிப் பேசுமிடத்து நகை பிறவாது. ஆனால் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' காட்சியைத் தராசில் இட்டுத்தான் மேலே பார்த்தோம். அதன் நகை மடிந்ததா? அடுத்தமுறை காணும்போதும் நாம் சிரிக்கவே செய்வோம். நிறுத்தால் மடிவது நிறைவில்லாத நகையே. மேலும், எள்ளலை அறவே விலக்குக என்பது எமது கோரிக்கையன்று. அதனைத் தன்மேலும் தன் இனத்தின்மேலும் தன்னினும் வலியோர்மேலும் திருப்புக என்பதே கோரிக்கை. 2010இல் சி. எஸ். அமுதன் இயக்கிய 'தமிழ்ப்படம்', தமிழ்த் திரைக்கதைகளின் தேய்ந்த வழக்கங்களைத் திரைப்படமாகவே எடுத்து நகையாடிற்று. வீரநாயகர்தம் படங்களுக்கு ஆரவாரம் செய்த அதே மக்கள் அதற்கும் சிரித்தனர். தம் மயக்கத்தைத் தாமே எள்ளும் உள்ளம் தமிழரிடத்து இன்னும் வற்றவில்லை என்பதற்கு அது சான்று.

ஆதலின் நம் கல்லூரி அன்பர்களுக்குச் சிலவற்றை முன்மொழிகின்றோம். ஒன்று: ஆண்டுவிழா நாடகங்களில் கட்டியக்காரனை மீண்டும் மேடையேற்றுக. அவன் நம் தேர்வு அச்சத்தையும், நம் வருகைப் பதிவேட்டையும், தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய எம்முடைய பண்டித நடையையும் தாராளமாக எள்ளட்டும். ஆசிரியப் பெருமக்களும் முன்வரிசையில் அமர்ந்து நகுவார்களாக. இரண்டு: ஆண்டில் ஓர் இரவேனும் கருவியின்றிக் கதை சொல்லும் கூட்டம் ஒன்று கூட்டுக. கைப்பேசிகளை வாயிலில் வைத்துவிட்டு, ஒருவர் சொல்ல மற்றையோர் கேட்போம். செல்லப்பாவின் வாய் செய்ததை நம் வாயும் செய்யுமா என்று பார்ப்போம். மூன்று: படம் எடுக்கும் நண்பர்கள் தம் குறும்படங்களில் நகைச்சுவையைச் சேர்க்குமுன் ஒரு சிறு சோதனை செய்க. நகைக்கப்படும் மாந்தரின் இடத்தில் இருப்பவரையே முதற்காட்சிக்கு அழைத்து அருகில் அமர்த்துக. அவரும் சிரித்தால் அது நகைச்சுவை. அவர் தலைகுனிந்தால் அதனை நீக்குக.

நான்காவது ஒன்று உண்டு; அதற்குப் பணமும் வேண்டா, மேடையும் வேண்டா. நாத் தடைப்படும் ஒருவர் செய்யுள் படிக்க எழும்போது, அடுத்த சொல் வருமளவும் அமைதியாகக் காத்திருப்போம். ஒரு பொய்ப்படத்தின் பொய்க்கதையையே மூச்சடக்கிக் கேட்டார் அந்த முதலாளி. உடன் பயிலும் ஒருவரின் மெய்யான சொல்லுக்கு அத்துணைப் பொறுமையேனும் நாம் காட்டலாகாதா? அவர் படித்து முடிக்கட்டும். செய்யுள் நன்றாயின் கைதட்டுவோம். நகைச்சுவைச் செய்யுளாயின் அவரோடு சேர்ந்து உரக்கச் சிரிப்போம்.